ஏழு இருக்கை எஸ்யுவி: மூன்றாம் வரிசையிலிருந்து தேர்வைத் தொடங்குங்கள்

சிங்கப்பூரில் ஒரு குடும்பம் ஏழு இருக்கை வண்டியைத் தேடத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்து உடன் தங்குகிறார்கள். அல்லது இரண்டாவது பிள்ளை பிறந்து, வீட்டில் பணிப்பெண்ணும் சேர்ந்தபின், ஐந்து இருக்கைக் காரில் பிள்ளை இருக்கைகள் இரண்டைப் பொருத்தினால் நடுவில் ஒரு பெரியவர் உட்கார இடமில்லாமல் போகிறது. எதுவானாலும், நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுத்து வாங்கப்போவது அந்தக் கடைசி இரண்டு இருக்கைகளைத்தான். ஆனால் காட்சியறைக்குள் நுழைந்ததும் பேச்சு திரையின் அளவுக்கும் கண்ணாடிக் கூரைக்கும் சக்கரத்தின் அழகுக்கும் போய்விடுகிறது. மூன்றாம் வரிசையை விற்பனையாளர் நிமிர்த்திக் காட்டுவார், எல்லாரும் தலையசைப்பார்கள், யாரும் அதில் ஏறி உட்காரமாட்டார்கள்.

கியா சொரெண்டோ, ஹியுண்டாய் சாண்டா ஃபே, ஸ்கோடா கோடியாக், பெஜோ 5008, நிசான் எக்ஸ்-டிரெயில் போன்ற நடுத்தர அளவு வண்டிகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். வால்வோ எக்ஸ்சி90, கியா இவி9 போன்ற பெரியவை ஒப்பீட்டுக்காக மட்டும் இடையில் வரும். எந்த வண்டி சிறந்தது என்ற தீர்ப்பை இதில் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்பதை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைத்தான் சொல்ல முயல்கிறேன்.

யார் உட்காரப்போகிறார்கள்?

காட்சியறைக்குப் போகும் முன்பே வீட்டில் பேசி முடிக்க வேண்டிய கேள்வி இது: மூன்றாம் வரிசையில் உட்காரப்போவது யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம்? ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கும் கோயிலுக்கும் போய்வர, பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள் என்றால், சந்தையில் உள்ள ஏறத்தாழ எல்லா நடுத்தர எஸ்யுவியும் அதற்குப் போதும். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூருக்கோ பத்துமலைக்கோ நான்கைந்து மணி நேரம் ஒரு பெரியவர் அங்கே உட்கார்ந்து வர வேண்டும் என்றால், தேர்வு இரண்டு மூன்று வண்டிகளாகச் சுருங்கிவிடும். நாள்தோறும் ஒரு பெரியவர் அங்கேதான் உட்கார வேண்டும் என்றால், நடுத்தர எஸ்யுவியை விட்டுவிட்டு டொயோட்டா நோவா போன்ற எம்பிவியை, அதாவது பெட்டி வடிவக் குடும்ப வண்டியைப் பாருங்கள் என்பதே என் நேரான கருத்து. எம்பிவி என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் உயரமான பெட்டி வடிவமும் சறுக்குக் கதவும் கொடுக்கும் வசதியை எஸ்யுவியின் மிடுக்கு ஈடுசெய்வதில்லை.

இந்தப் பேச்சில் பணிப்பெண்ணின் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பல வீடுகளில் கேட்காமலேயே அவருக்கு மூன்றாம் வரிசை என்று முடிவாகிவிடுகிறது. அவருக்கும் முழங்கால் உண்டு, அவருக்கும் வியர்க்கும். தவிர, இரண்டாம் வரிசையில் அழும் குழந்தையைச் சமாளிக்க வேண்டியவர் அவரே என்றால், அவரைப் பின்னால் அனுப்புவது யாருக்கும் உதவாது.

மூன்றாம் வரிசையின் அமைப்பு

இந்த வண்டிகளில் மூன்றாம் வரிசை குறுகலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கடைசி இருக்கைகள் பின் அச்சின் மேலேயே அமைகின்றன. இருபுறமும் சக்கர வளைவுகள் உள்ளே புடைத்து அகலத்தைத் தின்கின்றன. கீழே பெட்ரோல் தொட்டியும் சஸ்பென்ஷனும், கலப்பின (ஹைப்ரிட்) வண்டி என்றால் சில நேரம் மின்கலமும் இருப்பதால் தரை மேலேறி நிற்கிறது. மேலே கூரை பின்னோக்கிச் சரிகிறது. இவற்றில் அதிகம் தொந்தரவு கொடுப்பது தரையின் உயரம்தான். கால் வைக்கும் தரைக்கும் இருக்கைக்கும் இடையே உயரம் போதாதபோது தொடை இருக்கையில் படியாது, முழங்கால் மேலே தூக்கி நிற்கும், உடலின் எடை முழுவதும் பின்புறத்தில் இறங்கும். பத்து நிமிடத்தில் இது தெரியாது. ஒரு மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

உற்பத்தியாளர்களே இந்த வரம்பை ஒப்புக்கொள்வதுண்டு. எக்ஸ்-டிரெயிலின் கடைசி இருக்கைகள் 160 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்கு ஏற்றவை என்று நிசான் கூறுகிறது. எக்ஸ்சி90 வண்டியில் அந்த வரம்பு 170 சென்டிமீட்டர் என்கிறது வால்வோ. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி சக்கர அச்சுகளுக்கு இடையிலான நீளத்தில் இருக்கிறது: எக்ஸ்-டிரெயிலுக்கு அது 2,705 மில்லிமீட்டர், சொரெண்டோவுக்கும் சாண்டா ஃபேக்கும் 2,815, எக்ஸ்சி90க்கு 2,984, இவி9க்கு 3,100. விற்பனைக் கையேட்டில் மூன்றாம் வரிசையைப் பற்றி ஏதும் எழுதியிருக்காவிட்டாலும் இந்த ஓர் எண்ணைப் பார்த்தால் ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஊகம் போதாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதையும் சரியான வரிசையில் செய்ய வேண்டும். முதலில் வண்டி ஓட்டப்போகிறவர் ஓட்டுநர் இருக்கையைத் தமக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளட்டும். பிறகு அவருக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் ஒருவர் வசதியாக உட்கார்ந்து, தம் முழங்காலுக்குத் தேவையான இடத்தை எடுத்துக்கொண்டு இருக்கையை நிறுத்தட்டும். அதன்பின் மிஞ்சுவதுதான் மூன்றாம் வரிசைக்கு உண்மையில் கிடைக்கும் இடம். காட்சியறையில் பெரும்பாலும் இரண்டாம் வரிசை முன்னோக்கித் தள்ளியே வைக்கப்பட்டிருக்கும், அதனால்தான் பின்னால் தாராளமாகத் தெரிகிறது. மூவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, கடைசியில் இருப்பவர் தம் பாத நுனியை முன்னிருக்கையின் அடியில் நுழைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் முழங்காலுக்கு எவ்வளவு இடம் இருந்தும் பயனில்லை. தலைக்கும் கூரைக்கும் இடையே நான்கு விரலாவது செல்ல வேண்டும், ஏனெனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளின் வேகத்தடைகளில் பின் அச்சின் மேல் உட்கார்ந்திருப்பவர்தான் அதிகம் துள்ளுவார்.

குளிரூட்டியை நம் பருவநிலையில் தனியாகச் சோதிக்க வேண்டும். மூன்றாம் வரிசைக்கென்று காற்றுத் துவாரம் இருக்கிறதா, இருந்தால் அது கூரையில் உள்ளதா அல்லது முழங்கை மட்டத்தில் பக்கச் சுவரில் உள்ளதா, காற்றின் வேகத்தை அங்கிருந்தே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கூரைத் துவாரம் முகத்துக்கு நேராகக் காற்றைத் தரும். பக்கச் சுவரில் தாழ்வாக உள்ள துவாரத்தைப் பக்கத்தில் வைத்த பையே மறைத்துவிடும். சோதனை ஓட்டத்தை மதியம் இரண்டு மணிக்குக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் நின்ற வண்டியில் கடைசி வரிசை குளிர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மாலை ஐந்தரை மணி ஓட்டத்தில் தெரிந்துகொள்ள முடியாது. பின்கண்ணாடிகளுக்குப் படலம் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், முன்கண்ணாடியும் முன்பக்கக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடும் பின்பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் குறைந்தது 25 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியை மனத்தில் கொள்ளவும்.

ஏறுவதும் இறங்குவதும்

மூன்றாம் வரிசைக்குள் நுழைய இரண்டாம் வரிசை இருக்கை ஒன்றை மடக்கி நகர்த்த வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இரண்டாம் வரிசை அறுபதுக்கு நாற்பது என்று பிரிந்திருக்கும்: ஒருபுறம் இருவர் உட்காரும் பெரிய பகுதி, மறுபுறம் ஒருவர் உட்காரும் சிறிய பகுதி. இங்கே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே நடைபாதை இடப்பக்கம் வரும். பாட்டியும் பிள்ளைகளும் ஏற வேண்டியதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். இலேசாக நகரும் சிறிய பகுதி இடப்பக்கத்தில் இருந்தால் ஏறுவது எளிது. ஆனால் இடப்பக்க ஓட்டுநர் இருக்கை உள்ள நாடுகளை மனத்தில் வைத்து வடிவமைத்த சில வண்டிகளில் இந்தப் பிரிவு நமக்கு ஏற்றபடி மாற்றப்படாமலே வருகிறது. கையேட்டில் இது எழுதியிருக்காது, கதவைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள எவரும் அதற்கேற்ற பிள்ளை இருக்கையிலோ உயர்த்தும் இருக்கையிலோதான் காரில் செல்ல வேண்டும். பிள்ளை இருக்கையை நடைபாதைப் பக்கம் பொருத்துவதுதான் பெற்றோருக்குப் பாதுகாப்பு, ஏனெனில் வாகனங்கள் போகும் பக்கத்தில் நின்றுகொண்டு குழந்தையைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (பிள்ளை இருக்கையை வண்டியோடு நேராகப் பூட்டும் அமைப்பு) பூட்டிய பிள்ளை இருக்கை உள்ள பக்கத்தை மடக்க முடியாது; அப்போது மூன்றாம் வரிசைக்கு நடைபாதைப் பக்கத்து வழி அடைபட்டுவிடும். சில வண்டிகளில் இருக்கையின் அடிப்பகுதி மடங்காமல் முழு இருக்கையும் முன்னோக்கிச் சாய்ந்து நகரும், அதனால் காலியான பிள்ளை இருக்கை பொருத்தியிருந்தாலும் ஒருவர் நுழையலாம். இது உங்களுக்குத் தேவையா என்பதை அறிய ஒரே வழி, வீட்டிலிருந்து பிள்ளை இருக்கைகளை எடுத்துக்கொண்டு காட்சியறைக்குப் போய், அவற்றைப் பொருத்திவிட்டு, அதன்பின் யாரையாவது பின்னால் ஏறச் சொல்வதுதான். விற்பனையாளர் சற்றுச் சங்கடப்படுவார், பரவாயில்லை.

ஆறு இருக்கை வகையில் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள், நடுவில் ஒரு வழி. பிள்ளை இருக்கைகள் இரண்டும் அசையாமல் இருக்க, பத்து வயதுப் பிள்ளை நடுவழியாகப் பின்னால் போய்விடும். இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏழைவிட ஆறு மேல் என்பது என் கருத்து. பிள்ளைகள் மூவர் என்றால் இந்தக் கணக்கு மாறும். ஆனால் பெரியவர்களுக்கு அந்த நடுவழி ஒத்துவராது. சேலை கட்டிய பாட்டி முதலில் உயரமான படியைக் கடந்து, பிறகு குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, இரண்டு இருக்கைகளுக்கு இடையே கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். பாட்டிக்கு இரண்டாம் வரிசைதான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அவர் அங்கே ஏறுவதற்குக் கதவுத் தூணில் கைப்பிடி இருக்கிறதா, இருக்கையின் விளிம்பு அவர் இடுப்பைவிட மிக உயரத்தில் இல்லாமல் இருக்கிறதா என்று அவரை வைத்தே பாருங்கள்.

பாதுகாப்பு மதிப்பீட்டைப் பற்றி ஒன்று. கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பீடு தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் குழந்தை உருவப் பொம்மைகள் இரண்டாம் வரிசையில்தான் உட்கார வைக்கப்படுகின்றன. வண்டியின் மேல் ஒட்டிய ஐந்து நட்சத்திரம் மூன்றாம் வரிசையை மோதிப் பார்த்துத் தந்தது அல்ல. ஆகவே பக்கத் திரைக் காற்றுப்பை கடைசிக் கண்ணாடி வரை நீள்கிறதா, கடைசி இருக்கைகளுக்கும் பெல்ட் நினைவூட்டல் இருக்கிறதா, தலைச் சாய்மானத்துக்கும் பின்கதவுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று தனியாகக் கேட்க வேண்டும். மூன்றாம் வரிசையில் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள நடுத்தர வண்டிகள் குறைவு. சிறு குழந்தையின் இருக்கையை அங்கே வைக்க நினைப்பவர்கள் இதை முதலில் பார்க்கட்டும்.

நிறுத்துமிடக் கட்டமும் பூட் இடமும்

சிங்கப்பூரில் கார் நிறுத்தும் கட்டத்தின் வழக்கமான அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். இதை வைத்துக்கொண்டு கையேட்டின் எண்களைப் படியுங்கள். எக்ஸ்-டிரெயில் 4.68 மீட்டர், புதிய கோடியாக் 4.76 மீட்டர்; இரண்டும் கட்டத்துக்குள் அடங்கும். சொரெண்டோ 4.8 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது, சாண்டா ஃபே 4.83, எக்ஸ்சி90 4.95, இவி9 ஐந்து மீட்டருக்கும் மேல். மூக்கு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பெரிய கேடில்லை. உண்மையான தொல்லை அகலத்தில்தான். சொரெண்டோவும் சாண்டா ஃபேயும் 1.9 மீட்டர் அகலம். கட்டத்தின் நடுவில் நேராக நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் கோடு வரை 25 சென்டிமீட்டர் மிஞ்சும். பக்கத்துக் கட்டத்தில் இன்னோர் எஸ்யுவி நின்றால் இரண்டுக்கும் இடையே அரை மீட்டர். அந்த அரை மீட்டரில் கதவைத் திறந்து, இரண்டாம் வரிசை இருக்கையை நகர்த்தி, மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவரை இறக்குவது எப்படி என்று உங்கள் பலமாடி நிறுத்துமிடத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். நோவாவின் அகலம் 1.73 மீட்டர், கதவும் சறுக்குக் கதவு. எம்பிவியைப் பற்றி மேலே சொன்னது இங்கேதான் விளங்கும். எஸ்யுவிதான் என்று உறுதியாக இருப்பவர்கள், பின்வரிசைக்காரர்களை லிஃப்ட் வாசலில் இறக்கிவிட்டு அதன்பின் நிறுத்தப் போவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சோதனை ஓட்டத்தில் வண்டியை உங்கள் பேட்டைக்கே கொண்டுபோக அனுமதி கேளுங்கள். நிறுத்துமிடத்தின் சுழல் ஏற்றத்தில் திரும்பும்போது ஒரே வளைப்பில் முடிகிறதா, பின்னோக்கித் தள்ள வேண்டியிருக்கிறதா என்பது அங்கே தெரியும். கூரையில் பெட்டி மாட்டும் எண்ணம் இருந்தால் நுழைவாயிலில் எழுதியிருக்கும் உயர வரம்பையும் படித்துவிடுங்கள். மூன்றாம் வரிசையின் தலைச் சாய்மானங்கள் நிமிர்ந்திருக்கும்போது பின்கண்ணாடி ஏறத்தாழ மறைந்துவிடுவதால், நான்கு பக்கக் கேமராவும் குறுக்கே வரும் வாகன எச்சரிக்கையும் இந்த வகை வண்டிகளில் ஆடம்பரம் அல்ல.

பூட் (பின்பக்கச் சாமான் இடம்) கொள்ளளவைக் கேட்கும்போது மூன்றாம் வரிசை நிமிர்ந்த நிலையில் எவ்வளவு என்று கேளுங்கள். விளம்பரத்தில் வருவது மடக்கிய நிலையின் எண். ஏழு பேரும் உட்கார்ந்தபின் இந்த வண்டிகளில் மிஞ்சுவது சந்தைப் பைகள் சிலவற்றுக்கும் மடக்கிய குழந்தை வண்டி ஒன்றுக்குமான இடம்தான், சிலவற்றில் அதுவும் இல்லை. ஊருக்குப் போகும் தாத்தா பாட்டியைப் பெரிய பெட்டிகளோடு சாங்கி விமான நிலையத்துக்குக் குடும்பமே சென்று வழியனுப்புவது நடுத்தர எஸ்யுவியில் நடக்காது. மூன்றாம் வரிசையில் ஒரு பாதியை மடக்கினால் ஐவரோ அறுவரோ பெட்டிகளோடு போகலாம். மற்றவர்கள் எம்ஆர்டி ரயிலில் வரட்டும்.

எடையையும் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் ஏழு பேர் 455 கிலோ. வண்டியின் மொத்த அனுமதி எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய அளவு. மின்கலம் சுமக்கும் வண்டிகளில் இது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கலாம்.

விலை எப்படிக் கூடுகிறது

காரைப் பதிவு செய்ய ஏலத்தில் எடுக்க வேண்டிய பத்து ஆண்டு உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் உட்பட்ட பெட்ரோல் வண்டிகள் ஏ பிரிவு, அதைத் தாண்டினால் பி. மின்சார வண்டிகளுக்கு அந்த எல்லை 110 கிலோவாட். மூன்று வரிசை வண்டியின் எடையை இழுக்கத் தேவையான ஆற்றல் பெரும்பாலானவற்றை பி பிரிவுக்குத் தள்ளிவிடுகிறது. சொரெண்டோ, சாண்டா ஃபே கலப்பின வண்டிகளின் இயந்திரம் 1,598 சிசிதான் என்றாலும் ஆற்றலால் அவை பி. முந்தைய தலைமுறை பெஜோ 5008 வண்டியின் 1.2 லிட்டர் வகை 96 கிலோவாட்டோடு ஏ பிரிவில் நுழைந்தது ஒரு விதிவிலக்கு. பி பிரிவின் கட்டணம் 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டதை நினைவில் வைத்தால், ஏலம் எந்தத் திசையிலும் போகலாம் என்பது புரியும்.

பலர் கவனிக்காமல் விடுவது திறந்த சந்தை மதிப்பு, அதாவது வரிகள் சேரும் முன் வண்டிக்குக் கணிக்கப்படும் இறக்குமதி மதிப்பான ஓஎம்வி. கூடுதல் பதிவுக் கட்டணம் ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அடுத்த 20,000க்கு 190, அதற்கடுத்த 20,000க்கு 250, அதற்குமேல் 320 விழுக்காடு என்று படிப்படியாக ஏறுகிறது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். ஓஎம்வி 30,000 வெள்ளி உள்ள வண்டிக்கும் 40,000 வெள்ளி உள்ள வண்டிக்கும் இடையே 10,000 வெள்ளிதான் வேறுபாடு. ஆனால் அந்தப் பத்தாயிரத்துக்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் 14,000, சுங்கத் தீர்வை 20 விழுக்காட்டில் 2,000, பொருள் சேவை வரி 9 விழுக்காட்டில் 1,080 வெள்ளி. வரி மட்டும் 17,080 வெள்ளி. கண்ணாடிக் கூரையும் தோல் இருக்கையும் உள்ள உயர் வகை இங்கே ஏன் அவ்வளவு விலை தாண்டுகிறது என்பதற்கு இதுவே விளக்கம். மூன்றாம் வரிசைக் குளிரூட்டி அடிப்படை வகையிலேயே இருக்கிறது என்றால், உயர் வகையில் எனக்கு ஆர்வமில்லை.

ஓஎம்வி 20,000 வெள்ளிக்குமேல் உள்ள வண்டிக்கு விலையில் 60 விழுக்காடு வரையே கடன் கிடைக்கும், அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்கு. விலை 240,000 வெள்ளி என்றால் 96,000 வெள்ளியை உங்கள் கையிலிருந்தோ பழைய வண்டியைக் கொடுத்தோ திரட்ட வேண்டும். வண்டிகளை ஒப்பிடும்போது மொத்த விலையை விட்டுவிட்டு ஆண்டுத் தேய்மானத்தைக் கணக்கிடுங்கள்: விலையிலிருந்து, பத்தாம் ஆண்டு முடிவில் வண்டியின் பதிவை நீக்கும்போது அரசிடமிருந்து திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்துப் பத்தால் வகுத்தால் போதும். அந்தத் தொகைக்கான விதி அண்மை ஆண்டுகளில் இறுக்கப்பட்டுவந்திருக்கிறது; 2023ல் அதற்கு உச்சவரம்பும் வந்தது. வண்டி எந்த ஏலச் சுற்றின் சிஓஇயில் பதிவாகிறது என்பதைப் பொறுத்து அது மாறும் என்பதால், விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்லும் எண்ணை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இயந்திரம்?

டீசல் காரைப் புதிதாகப் பதிவு செய்வது 2025 ஜனவரி முதல் முடிந்துவிட்டது. 2030 முதல் புதிய கார்கள் எல்லாமே தூய்மையான எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். கலப்பின வண்டிகளும் அதில் அடங்கும். இன்று வாங்குபவருக்கு மிஞ்சுவது பெட்ரோல், கலப்பினம், மின்சாரம்.

பெரும்பாலான குடும்பங்களுக்குக் கலப்பினத்தைத்தான் பரிந்துரைப்பேன். சிறிய டர்போ இயந்திரத்தோடு மின்மோட்டாரும் சேரும்போது, ஏழு பேரோடு சிக்னலிலிருந்து புறப்படுவதற்கான இழுவை உடனே கிடைக்கிறது. நின்று நின்று ஓடும் நகரச் சாலையில் எரிபொருளும் மிஞ்சுகிறது. எக்ஸ்-டிரெயிலின் இ-பவர் வகையில் 1.5 லிட்டர் இயந்திரம் மின்சாரம் மட்டுமே தயாரிக்கிறது, சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்தான். சாலை வரியிலும் வேறுபாடு உண்டு: 1,598 சிசிக்கு ஆண்டுக்குச் சுமார் 740 வெள்ளி, 2.5 லிட்டர் இயந்திரத்துக்குச் சுமார் 1,780 வெள்ளி. மின்சார வண்டிகளின் சாலை வரி மோட்டாரின் ஆற்றலைப் பொறுத்தது. அதோடு ஆண்டுக்கு 700 வெள்ளி நிலையான தொகையும் சேரும். உங்கள் வீவக நிறுத்துமிடத்தில் மின்னூட்ட முனைகள் எத்தனை, இரவு ஒன்பது மணிக்கு அவற்றில் எத்தனை காலியாக இருக்கின்றன என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு மின்சார வண்டியைப் பற்றி முடிவெடுங்கள்.

அடிக்கடி மலேசியா போகிறவர்கள் தொட்டியின் கணக்கையும் சேர்க்க வேண்டும். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகள் வழியாக வெளியேறும் சிங்கப்பூர் வண்டியில் முக்கால் தொட்டியாவது எரிபொருள் இருக்க வேண்டும். அப்பால் போனாலும் மலிவான ரான் 95 பெட்ரோல் நமக்கு அனுமதியில்லை, ரான் 97 அல்லது அதற்கும் உயர்ந்த பெட்ரோல்தான் போடலாம். ஒரு தொட்டியில் கோலாலம்பூர் போய்த் திரும்பக்கூடிய கலப்பின வண்டிக்கு இவை ஒரு பொருட்டல்ல.

சோதனை ஓட்டத்தில் ஒருவராகப் போய் ஓட்டிப் பார்ப்பது அந்த வண்டியைப் பற்றி அதிகம் சொல்லாது. நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் ஓட்டுங்கள், பிறகு விரைவுச்சாலையில் நுழையும்போது வேகமெடுத்துப் பாருங்கள். அப்போது மூன்றாம் வரிசையில் இருப்பவரிடம் முன்னால் பேசுவது கேட்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள்.

பழைய வண்டி, ஒப்பந்தம், முதல் பயணம்

பழைய ஏழு இருக்கை வண்டி வாங்குவோர் அது தனியார் வாடகை வண்டியாக ஓடியதா என்று பதிவு விவரத்தில் பார்க்க வேண்டும். கடைசி வரிசையை நீங்களே பலமுறை மடக்கி நிமிர்த்துங்கள், பெல்ட்டுகளை முழுதாக இழுத்து விடுங்கள், பின்புறக் குளிரூட்டியை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். இவை பழுதானால் செலவு அதிகம், விற்பவர் இவற்றைச் சோதித்திருக்கவும் மாட்டார். சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டும் எண்ணம் இருந்தால், பத்து ஆண்டுக்குமேல் ஆனபின் ஆண்டுதோறும் பரிசோதனை என்பதையும், ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடியும் புதுப்பிக்க முடியாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

புதிய வண்டியின் ஒப்பந்தத்தில் நான்கு விவரங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: சிஓஇ உறுதி செய்யப்பட்டதா இல்லையா, இல்லையென்றால் எத்தனை ஏலங்களில் கேட்பார்கள், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதாகத் திரும்புமா, நீங்கள் உட்கார்ந்து பார்த்த அதே இருக்கை அமைப்புதான் வருகிறதா. கடைசியானதை வலியுறுத்துகிறேன். ஒரே பெயரில் ஐந்து, ஆறு, ஏழு இருக்கை வகைகள் விற்பனையில் இருக்கும்போது, அதிகாரபூர்வ முகவர் அல்லாத இணை இறக்குமதியாளரிடம் வாங்கும் வண்டியின் கருவிப் பட்டியல் காட்சியறையில் பார்த்ததிலிருந்து மாறுவது வழக்கம். உத்தரவாதத்தை யார் தருகிறார்கள், மின்கலத்துக்குத் தனி உத்தரவாதம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வண்டியை எடுக்கும் நாளில் ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டையைப் பாருங்கள். முழுச் சுமைக்கு அதில் தனி எண் இருக்கும், பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு அது கணிசமாகக் கூடுதலாக இருக்கும். ஏழு பேரோடு நெடுஞ்சாலையில் ஏறும் முன் அந்த அளவுக்குக் காற்று அடைக்க வேண்டும், திரும்பியபின் குறைக்க வேண்டும். மாற்றுச் சக்கரம் இருக்கிறதா, பஞ்சர் ஒட்டும் கருவி மட்டுமா என்று பூட் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். மலேசியாவுக்கான வாகன நுழைவு அனுமதிக்கும் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். 2025 ஜூலை முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு அங்கே அபராதம் விதிக்கப்படுகிறது, பழைய வண்டிக்கு வாங்கிய அனுமதி புதிய வண்டிக்குச் செல்லாது.